முந்நூறு நாள் கேடயம்

கையைத்தானே பாக்கறீங்க? பாருங்க தம்பி, கூச்சப்படாதீங்க. எல்லாரும் பாக்கறதுதான். நீங்க பரவாயில்ல, பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க. சில பேரு வாய்விட்டு எண்ணவே ஆரம்பிச்சுடுவாங்க. உங்களுக்கு அந்தச் சிரமம் வேணாம், நானே சொல்லிடறேன். மூணு இல்ல. கட்டைவிரலும் சுண்டுவிரலும் இருக்கு. இந்த ரெண்டை வச்சுக்கிட்டு டிக்கெட்டைப் பிடிக்கலாம், மூக்குக்கண்ணாடியைக் கழட்டலாம், பொடி போடலாம். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு வேற என்ன வேலை இருக்கு?

ஆனா ஒண்ணு. மேல 'ஊனமுற்றோர்'னு எழுதியிருக்குன்னு எழுந்து எனக்கு இடம் குடுத்தீங்களே, ரொம்ப சந்தோஷம். உக்காந்துட்டேன். அது முழங்கால் வலிக்காக உக்காந்தது, கைக்காக இல்ல. அதை மட்டும் மனசுல வச்சுக்கங்க. ஏன்னா என் சர்வீஸ்ல விபத்துன்னு ஒண்ணு நடந்ததே கிடையாது. பக்கத்து சீட்டு காலியாச்சு பாருங்க, நீங்களும் உக்காருங்க. பஸ்ஸு பாரிமுனை போறதுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும், அதுக்குள்ள சொல்லி முடிச்சுடுவேன்.

கோதண்டம் மோட்டார்ஸ்னு கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. உங்களுக்கு முந்தின காலம். எண்ணூர் ரோட்டுல இருந்துச்சு, இப்ப அங்க யாரோ வெங்காயம் அடுக்கி வச்சிருக்காங்க. ஐம்பத்தேழுல நாங்க அங்க கார் பண்ணிக்கிட்டிருந்தோம் தம்பி. இன்ஜின் மட்டும் கப்பல்ல வரும். மட்கார்டு, கதவு, பானெட்டு, எல்லாத் தகடும் இங்கயே அடிச்சு, வளைச்சு, பெயிண்ட் பூசி வெளிய தள்ளுவோம். ஒரு நாளைக்கு நாலு கார். அதுல ரெண்டு தானா ஓடும். மத்த ரெண்டைத்தான் நெஜமாவே வெளிய தள்ளணும்.

நான் அங்க டைம் ஆபீஸ் கிளார்க். யாரு எத்தனை மணிக்கு உள்ள வந்தான், எத்தனை மணிக்கு வெளிய போனான்னு எழுதற வேலை. என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும். அதைப் பாத்துட்டு ஒர்க்ஸ் மேனேஜர் ராவ் சார் ஒரு நாள் கூப்பிட்டு, "தணிகாசலம், இன்னையிலேர்ந்து நீ சேஃப்டி சூப்பர்வைசர்"னாரு. எனக்கு மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாதே சார்னேன். "மெஷின் தெரிஞ்சவன் உற்பத்திக்கு வேணும். உனக்கு எழுதத் தெரியும், இதுக்கு அது போதும்"னாரு. பெரிய மனுஷங்க எதையும் சுருக்கமாத்தான் சொல்லுவாங்க.

பொறுப்பு குடுத்துட்டா அப்புறம் நான் விடமாட்டேன். சாணை பிடிக்கிற இடத்துல நெருப்புப்பொறி பறக்கும், கண்ணுக்கு ஆகாதுன்னு நாப்பது ஜோடி கண்ணாடி வாங்கினாங்க. அத்தனையும் என் பீரோவுல பூட்டி வச்சிருந்தேன். இந்தப் பசங்க கையில குடுத்தா ஒரே வாரத்துல கீறல் விழுந்துடும். ஆறு வருஷம் கழிச்சுத் தொறந்து பாக்கறேன், ஒரு கண்ணாடியில ஒரு கீறல் இல்ல, வாங்கினப்ப இருந்த மாதிரியே இருக்கு. பெயிண்ட் அடிக்கிறவன் எல்லாம் இருமறான்னு சொன்னாங்க. தினம் ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம் குடுக்கச் சொன்னேன். இருமல் நிக்கல, ஆனா வெல்லம் குடுத்தா புகார் நின்னுடும். வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டு எவன் புகார் சொல்லுவான்?

இந்தச் சமயத்துல ராவ் சார் வெளிநாடு போயிட்டு வந்தாரு. வரும்போது ஒரு சின்னப் புத்தகம் கொண்டு வந்தாரு. அங்கெல்லாம் பெரிய பெரிய கார் கம்பெனி வாசல்ல ஒரு போர்டு தொங்குதாம். 'விபத்தில்லா நாட்கள்', அதுக்குக் கீழ ஒரு நம்பர். தினம் ஒண்ணு கூடிக்கிட்டே போகும். விபத்து நடந்தா மறுபடியும் பூஜ்யம். நமக்கும் ஒண்ணு மாட்டுன்னாரு. முதலாளிமார் சங்கத்துல வேற, முந்நூறு நாள் தொடர்ந்து விபத்தில்லாம ஓட்டுற தொழிற்சாலைக்கு வெள்ளிக் கேடயம்னு அறிவிச்சிருந்தாங்க. கார்த்திகை நடுவுல போர்டு மாட்டினோம். தேக்குப் பலகை, வெள்ளை எழுத்து. காலையில சங்கு ஊதறதுக்கு முன்னாடி நானே ஸ்டூல் போட்டு ஏறி, பழைய நம்பர் தகட்டை எடுத்துட்டுப் புதுசு மாட்டுவேன். ஒரு நாள்கூட வேற யாரையும் தொட விட்டதில்ல. எனக்குக் கொழந்தை குட்டி கெடையாது தம்பி, அந்த நம்பர் ஏற ஏற எனக்கு அப்படி ஒரு ஆனந்தம்.

அந்தப் புத்தகத்துல ஒரு விதி இருந்துச்சு. அதை நல்லா கேட்டுக்கங்க. அடிபட்டவன் அடுத்த ஷிப்டுக்கு வேலைக்கு வரலைன்னாத்தான் அது விபத்து. வந்துட்டா விபத்து இல்ல. அச்சுல இருந்துச்சு, நான் சொந்தமா சொல்லல.

இப்ப பிரஸ்ஸுக்கு வரேன். தகட்டை வளைக்கிற மெஷினுக்குப் பேரு பிரஸ். கீழ ஒரு இரும்பு அச்சு, மேல ஒரு இரும்பு அச்சு. நடுவுல தகட்டை வைக்கணும், மேல் அச்சு இறங்கி ஒரே அழுத்து, மட்கார்டு ஆயிடும். எங்க நாலாம் நம்பர் பிரஸ் வெளிநாட்டு மெஷின். அதைப் பண்ணினவன் ரொம்ப பயந்தாங்கொள்ளி போல. ரெண்டு பக்கமும் ரெண்டு பட்டன் வச்சிருந்தான். ரெண்டு கையாலயும் ரெண்டையும் ஒரே நேரத்துல அழுத்தினாத்தான் மேல் அச்சு இறங்கும். ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தா உள்ள எதுவும் மாட்டாதாம், அதான் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனா தகட்டை யாரு பிடிக்கிறது? வெச்சா நகருது, நகந்தா கோணலாகுது, கோணலானா பொறுக்கிப் போட்டுட்டு வேற வைக்கணும். ஷிப்டுக்கு முந்நூறு அடிக்க வேண்டிய எடத்துல நூத்தம்பதுக்கு மூச்சு வாங்குது. ராவ் சார் என்னைப் பாக்கறாரு.

யோசனை என்னுதுதான், மறைக்கறதுக்கு என்ன இருக்கு. தச்சர்கிட்ட சொல்லிப் புளியமரத்துல ஒரு சின்னக் கட்டை செதுக்கச் சொன்னேன். இடது பட்டனை அழுத்தி அந்தக் கட்டையைச் செருகிட்டா பட்டன் அழுந்தினபடியே இருக்கும். இடது கையால தகட்டைப் பிடிச்சுக்கலாம், வலது கையால வலது பட்டன். மறு வாரமே முந்நூத்திருபது. நழுவாம இருக்கணும்னு தச்சர் அதுக்குத் தொந்தி மாதிரி ஒரு வளைவு வச்சாரு. அதனால பசங்க அதைப் பிள்ளையார்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. தடையெல்லாம் நீக்கறாரே. வெள்ளிக்கிழமையானா அதுக்கு ஒரு குங்குமப் பொட்டு வேற. ராவ் சார் கண்டும் காணாம போயிடுவாரு.

நாலாம் நம்பர்ல நின்னவன் துலுக்காணம். திருவொற்றியூர் குப்பத்து ஆளு. நல்ல உழைப்பாளி, அதிகம் பேசமாட்டான். போர்டுல நூத்திப் பன்னெண்டு. பங்குனி வெயில், தகரக் கொட்டகை, மத்தியானம் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் இருக்கு. மட்கார்டு ஒண்ணு அடிக்கும்போது அவன் இடது கை உள்ள இருந்துச்சு. நாலு விரல்.

நான் ஓடினேன் தம்பி. அந்தச் சத்தத்தை மறக்க முடியாது. துலுக்காணம் கத்தல. பக்கத்து மெஷின்காரன்தான் கத்தினான். ராவ் சார் வந்து பாத்துட்டு முதல்ல என்ன கேட்டாருன்னு நெனைக்கறீங்க? "இன்னைக்கு எத்தனை?" நூத்திப் பன்னெண்டு சார்னேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு, என்னைத் தனியாக் கூப்பிட்டு, புத்தகத்தை எடுத்து அந்த விதியைத் தொட்டுக் காமிச்சாரு. நான் புரிஞ்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில கேண்டீன் வேனை எடுத்துக்கிட்டு நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். துலுக்காணத்தை மெதுவா எழுப்பி, உக்கார வச்சு, கம்பெனிக்குக் கூட்டிக்கிட்டு வந்து, டைம் ஆபீஸ் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு உக்கார வச்சேன். வருகை போட்டாச்சு. ஷிப்டுக்கு வந்துட்டான், ஆகவே விபத்து இல்ல. சாயங்காலம் மறுபடியும் ஆஸ்பத்திரியில கொண்டு விட்டேன். இப்படி இருபத்திரெண்டு நாள். எந்த மேனேஜ்மெண்ட் தம்பி ஒரு தொழிலாளியை வேன்ல கூட்டிக்கிட்டுப் போய்க் கூட்டிக்கிட்டு வரும்? ஜுரம் வந்தப்பக்கூட ஒரு போர்வை குடுத்தேன். ரிஜிஸ்டர்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல 'வீட்டில் தேங்காய் உடைக்கும்போது அரிவாள் தவறியது'ன்னு எழுதினேன். முத்து முத்தா.

அவனும் ஒத்துக்கிட்டான். நாற்காலியில உக்காந்தா வேலை நிக்கும்னு ராவ் சார் சொல்லியிருந்தாரு. ஆனா ஒரு நாள், கட்டுப் பிரிச்ச பிறகு, என் மேஜைகிட்ட வந்து நின்னான். நாலாம் நம்பர்ல அப்ப அவன் மச்சான் முனிரத்தினத்தைப் போட்டிருந்தாங்க. பொண்டாட்டியோட தம்பி. புதுசா கல்யாணம் ஆனவன்.

"சார், எனுக்கு ஒண்ணும் வோணாம்"னான். "ரிஜிஸ்டர்ல ஒரே ஒரு வரி எழுதுங்க சார். மெஷின்ல பட்டுச்சுன்னு. நீங்க எழுதினா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவாரு, அதுக்குக் கம்பிக்கூண்டு போடச் சொல்லுவாரு. கை உள்ள போவாது. நான் அங்க இனிமே நிக்கப் போறதில்ல சார். அவன் நிக்கறான்."

நான் என்ன பண்ணுவேன்? நூத்தி நாப்பது ஓடிக்கிட்டிருக்கு. ஒரு வரி எழுதினா போர்டு பூஜ்யம். நூத்தி நாப்பது நாள் ஸ்டூல் ஏறினது வீண். "துலுக்காணம், கூண்டு போட்டா தகட்டை எப்படி வைக்கறது, எண்ணிக்கை விழும்டா. உன் மச்சானை ஜாக்கிரதையா இருக்கச் சொல்லு, அதான் பெரிய கூண்டு"ன்னேன். நல்ல புத்திதானே சொன்னேன்? அந்த வாரமே 'ஜாக்கிரதை'ன்னு பெருசா ஒரு அட்டை எழுதி நாலாம் நம்பர் மேல ஒட்டச் சொன்னேன். சிவப்பு மையில.

ஆடி மாசம் நிஜமாவே ஒரு இன்ஸ்பெக்டர் வந்தாரு. யாரும் எழுதிப் போட்டு இல்ல, வருஷத்துக்கு ஒரு தரம் வர்றதுதான். வர்றதுக்கு முந்தின நாள் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுப் பாடம் நடத்தினேன். பிள்ளையாரை எடுத்து ஒளிச்சு வைங்க, அவரு போன உடனே செருகிக்கங்க. யாரு கேட்டாலும் 'கட்டை இல்ல சார்'னு சொல்லணும். ராவ் சார் கேட்டாலும் அதான். "விருந்தாளி யாராவது பக்கத்துல நிக்கும்போது நானே கேட்டாலும் அதேதான். நான் சோதிச்சுப் பாப்பேன்"னேன். சோதிச்சும் பாத்தேன். முனிரத்தினம் முதல்ல தடுமாறினான். பதினஞ்சு தரம் சொல்ல வச்ச பிறகு, தூக்கத்துல கேட்டாலும் சொல்ற மாதிரி ஆயிட்டான். "கட்டை இருக்கா?" "கட்டை இல்ல சார்." பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

இன்ஸ்பெக்டர் சுத்திப் பாத்தாரு. நாற்காலியில துலுக்காணம் கையைத் துண்டுக்குள்ள வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். கையில என்னய்யான்னாரு. துலுக்காணம் என்னைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் "தேங்கா சார்"னான். இன்ஸ்பெக்டர் என் ரிஜிஸ்டரைப் புரட்டிட்டு, "இவ்வளவு சுத்தமா ஒரு புத்தகத்தை நான் எங்கயும் பாக்கல"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. அன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்காரிகிட்ட அதைச் சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போனேன். அவளும் சந்தோஷப்பட்டா. கடைசியில, "அந்தத் தேங்கா ஆளுக்குக் கொழந்தைங்க இருக்கா?"ன்னு கேட்டா. பொம்பளைங்களுக்கு எதை எப்ப கேக்கணும்னு தெரியாது.

இப்படியே முந்நூறு வந்துச்சு. அது ஆயுத பூஜை அன்னிக்கு வந்து விழுந்தது பாருங்க, அதை நான் தெய்வச் செயல்னு நெனைச்சேன். மெஷினெல்லாம் கழுவித் துடைச்சு, சந்தனம் குங்குமம், மெஷினுக்கு ஒரு சாமந்தி மாலை, வாசல்ல பூசணிக்காய். சங்கத் தலைவரே கேடயம் குடுக்க வரேன்னு சொல்லிட்டாரு. பூஜை முடிஞ்சதும் ஒவ்வொரு மெஷினையும் ஒரே ஒரு தரம் ஓட்டணும், அது எங்க வழக்கம். தலைவரைக் கூட்டிக்கிட்டு ராவ் சாரும் நானும் வரிசையா போறோம். நாலாம் நம்பர் கிட்ட வந்தோம். முனிரத்தினம் குளிச்சுத் திருநீறு பூசிக்கிட்டு நிக்கறான். மெஷின் ஓடிக்கிட்டிருக்கு.

தலைவருக்கு மெஷினைப் பத்தி ஒண்ணும் தெரியாது, அவரு சர்க்கரை வியாபாரத்துலேர்ந்து வந்தவரு. "ஏம்ப்பா, இது கையை நசுக்கிடாதா?"ன்னாரு. எனக்குச் சிலிர்த்துடுச்சு. முந்நூறு நாள் காத்திருந்த கேள்வி அது. "அய்யா, ரெண்டு பட்டனையும் சேத்து அழுத்தினாத்தான் இறங்கும். ஒத்தைப் பட்டனை என்ன அழுத்தினாலும் இறங்காது. பாக்கறீங்களா?"ன்னேன். நான் ஒண்ணும் முட்டாள் இல்ல தம்பி. காலையிலயே பிள்ளையாரை எடுத்துடச் சொல்லி ஆள் விட்டிருந்தேன். இருந்தாலும் எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு முனிரத்தினத்தைப் பாத்து மெதுவா, "கட்டை இருக்கா?"ன்னேன்.

"கட்டை இல்ல சார்"னான். பளிச்சுன்னு.

விருந்தாளி நிக்கறாரு. நான் கேக்கறேன். நான் சொல்லிக் குடுத்ததை அவன் சொன்னான். இதுல அவனை என்ன குத்தம் சொல்ல முடியும்?

கட்டை இருந்துச்சு. பூஜை பண்ணிப் பூ வச்சுட்டா மறுநாள் கற்பூரம் காட்டித்தானே எதையும் நகர்த்துவோம்? பிள்ளையாருக்கும் பொட்டு வச்சு, பூ வச்சு, ஆரத்தி எடுத்துட்டாங்க. அதனால எடுக்கல. இடது பட்டன் மேல சாமந்தி மாலை கொத்தாத் தொங்குது, எனக்குத் தெரியல. நான் வலது கையை உள்ள நீட்டினேன், அய்யா ஒத்தைப் பட்டனை அழுத்துங்கன்னேன். மாலை இல்லாத பட்டனை அழுத்தினாரு. அவரு மேலயும் தப்பு சொல்ல மாட்டேன், பூவைக் கசக்கக் கூடாதுன்னு நெனைச்சிருப்பாரு.

வலி உடனே தெரியல. மாலை ஆடறது தெரிஞ்சுது. தலைவர் வேட்டியில சிவப்பாத் தெரிஞ்சுது, குங்குமம்னு நெனைச்சேன். அப்புறம் ராவ் சார் முகம் கிட்ட வந்துச்சு. "தணிகாசலம், விதி உனக்குத் தெரியும்"னாரு. தெரியும் சார்னேன். அதைச் சொல்லிட்டுத்தான் மயங்கினேன், கேட்டவங்க சொல்லியிருக்காங்க.

பட்டுத்துணியில கையைச் சுத்தி வேன்ல ஏத்தினாங்க. கம்பெனி டாக்டர் தைச்சு, ஊசி போட்டு, நாலு மணிக்கெல்லாம் என்னை மேடையில கொண்டு வந்து உக்கார வச்சுட்டாங்க. தலை மிதந்துக்கிட்டிருக்கு. பட்டனை அழுத்தினவரே கேடயத்தையும் குடுத்தாரு. வேட்டி மாத்திக்கிட்டு வந்திருந்தாரு. இடது கையால வாங்கினேன், அவரு தப்பா எடுத்துக்கல. கைதட்டல்னா அப்படி ஒரு கைதட்டல். துலுக்காணம் மட்டும் தட்டல. அவனால தட்ட முடியாதுங்கறது எனக்கு அப்புறம்தான் உறைச்சுது.

மறுநாள் காலையில வேன் என் வீட்டு வாசலுக்கு வந்துடுச்சு. என் வீட்டுக்காரி குறுக்க நின்னா. இன்னிக்கு ஒரு நாள் படுக்கட்டும்னு டிரைவர்கிட்ட அழுதா. நான்தான் அதட்டினேன். டைம் ஆபீஸ்ல துலுக்காணம் நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி. புதுசு, பிரம்பு பின்னினது. சூப்பர்வைசர்ங்கறதுக்காகக் கைப்பிடி வச்சது.

ராவ் சார் சொல்லி அனுப்பினாரு, நேத்துப் பக்கம் காலியா இருக்குன்னு. காரணத்தையும் அவரே யோசிச்சு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருந்தாரு. 'பூஜையில் பூசணிக்காய் உடைக்கும்போது வழுக்கி விழுந்தது.' பூஜைங்கறது உற்பத்தியில சேராதாம். ரிஜிஸ்டரைத் தொறந்து மடியில வச்சேன். பேனாவை இடது கையில பிடிச்சேன். ஃபேன் காத்துல பக்கம் பறக்குது. பிடிக்க என்கிட்ட வேற கை இல்ல. துலுக்காணம் எழுந்து வந்தான். பக்கத்துல குந்தி, தன் வலது கையால பக்கத்தை அமுக்கிப் பிடிச்சான். அவனுக்கு வலது, எனக்கு இடது. ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு வரி எழுத முடியும்.

"இப்பவாச்சும் எழுதுங்க சார்"னான். மெதுவாத்தான் சொன்னான். "நான் சொன்னா குப்பத்தான் சொல்றான்னுவாங்க. இது உங்க கை சார். நீங்க எழுதினா நம்புவாங்க. முனிரத்தினம் இன்னிக்கும் அங்கதான் நிக்கறான். அவன் பொண்டாட்டி முழுகாம இருக்குது சார்."

பொய் சொல்ல மாட்டேன் தம்பி. அன்னிக்கு எழுதிடலாம்னுதான் இருந்துச்சு. கை தீயில வச்ச மாதிரி எரியுது. பேனா முனை தாள் மேல நிக்குது. எனக்குப் பயமா இருந்துச்சு. கை போனதுக்குப் பயம் இல்ல, அது போயாச்சு. அந்த வரியை எழுதினா, இத்தனை நாள் எழுதினதெல்லாம் என்னன்னு யாராவது கேப்பாங்களே, அந்தப் பயம். நேத்துதான் கேடயம் குடுத்திருக்காங்க, இன்னிக்குத் திருப்பிக் கேப்பாங்க. வெளியே போர்டுல முந்நூத்தி ஒண்ணு. அன்னிக்கு எனக்கு ஸ்டூல் ஏற முடியலன்னு வாட்ச்மேன் மாட்டியிருந்தான், கொஞ்சம் கோணலா.

எழுதினேன். 'விபத்து: இல்லை.' அதுக்குக் கீழ பூசணிக்காய்.

துலுக்காணம் தொழிலாளர் சங்கத்துல எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக்கிட்டிருந்தான். விரல் வச்சு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சான். வி. பத். து. நான் காத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். 'இல்லை' வரைக்கும் படிச்சுட்டுக் கையை எடுத்தான். பக்கம் பறந்து புத்தகம் தானா மூடிக்கிச்சு.

"கட்டை இல்ல சார்"னான். சொல்லிட்டுப் போய்த் தன் நாற்காலியில உக்காந்தான்.

அதை ஏன் அப்ப சொன்னான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. யாரும் அவனைக் கேக்கல, விருந்தாளியும் யாரும் இல்ல. மரியாதைக்குச் சொல்லியிருப்பான்னு வச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல எத்தனையோ மாசம் உக்காந்திருந்தோம், அவன் என்கிட்ட வேற வார்த்தை பேசினதில்ல.

மூணாவது நாற்காலி தை மாசம் போட்டோம். முனிரத்தினத்துக்கு. அவனுக்கு மணிக்கட்டு வரைக்கும். ஆனா வேன்ல வந்துட்டான், போர்டு நிக்கல. அவன் கொழந்தை பொறந்த சேதிகூட அந்த நாற்காலியில இருக்கும்போதுதான் வந்துச்சு. அப்படியே ஓட்டி ஓட்டி ஆயிரம் நாள் தொட்டோம் தம்பி. இந்த ராஜ்யத்துலயே கெடையாதுன்னு ராவ் சார் பேசினாரு. ஆயிரமாவது நாள் நாற்காலி எடம் பத்தாம பெஞ்சு போட வேண்டியதாப் போச்சு. பதினோரு பேரு.

இப்ப எதுக்குப் பாரிமுனை போறேன்னு கேக்கறீங்களா? அதான் வயித்தெரிச்சல். ஊனமுற்றோருக்குப் பஸ் பாஸ் குடுக்கறாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரரு மனுப் பாரம் வாங்கிக் குடுத்தாரு. அதுல 'ஊனம் ஏற்பட்ட காரணம்'னு ஒரு கட்டம். பூசணிக்காய்னு எழுதலாம்னு பேனாவை எடுத்தேன். முப்பது வருஷம் ஆச்சு, வீட்டுக்காரியும் போயிட்டா, கம்பெனியும் போயிடுச்சு, இனிமே யாருக்கு என்ன? எழுத வரல தம்பி. மனசு வரல. 'வேலை செய்யும்போது பிரஸ்ஸில்'னு எழுதிட்டேன். வாழ்க்கையில முதல் தரம். எழுதிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், ஏன்னு தெரியல.

பாஸ் குடுக்கற ஆபீஸ் கிளார்க்கு, சின்னப் பையன், சொல்றான், வேலையில ஆனதுன்னா கம்பெனியிலேர்ந்து கடிதம் வேணுமாம். கம்பெனி கணக்கு வழக்கெல்லாம் இப்ப ஒரு வக்கீல் ஆபீஸ்ல கெடக்கு. எழுதிக் கேட்டேன். பதில் வந்திருக்கு, இந்தாங்க, இந்த உறையிலேர்ந்து கடிதத்தைக் கொஞ்சம் எடுங்க, எனக்கு எடுக்க வராது. படிங்க. 'தாங்கள் குறிப்பிடும் விபத்து எதுவும் நடைபெறவில்லை என்பது நிறுவனப் பதிவேட்டிலிருந்து தெளிவாகிறது. பாதுகாப்பு மேற்பார்வையாளரின் கையெழுத்துடன் கூடிய பக்கத்தின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.' என்ன அநியாயம் பாருங்க. கையை நேருக்கு நேராக் காட்டறேன், காகிதத்தைத்தான் நம்புவேங்கறாங்க. எவனோ எதையோ எழுதி வச்சிருந்தா அதுக்கு நானா பொறுப்பு? இன்னிக்குப் போய் மேலதிகாரியையே பாத்துக் கேக்கப் போறேன்.

என்ன பாக்கறீங்க? ஆமா, எழுதினது நான்தான்.

அந்த நகலை வெளிச்சத்துல நல்லாப் பிடிச்சுப் பாருங்க தம்பி. அந்த 'இல்லை'யைப் பாருங்க. எப்படி நிக்குது பாத்தீங்களா, முத்து முத்தா? இடது கையால, முதல் தடவையா எழுதினதுன்னு யாராவது சொல்ல முடியுமா?